வர்றவர் கர்ச்சீப்

எனக்கு வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை, ஓடிவரும் மின்சார ரயிலின் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போடுவது. சொல்லிக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. கணக்கு வரவில்லை, கிரிக்கெட் வரவில்லை, மனைவியைக் கேட்டால் ரசம்கூட வரவில்லை என்பார். ஆனால் இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், தாம்பரம் ஸ்டேஷனில், காலை வேளையில் நான் ஒரு பிரமுகர்.

சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டி தாம்பரத்தோடு நின்று, அப்படியே திரும்பப் பீச்சுக்குப் போகும். உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்குள் வெளியே இருப்பவர்கள் ஏறிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். கதவுப் பக்கம் தள்ளுமுள்ளு நடக்கிற அந்த நேரத்தில், விவரம் தெரிந்தவன் ஜன்னல் பக்கம் ஓடுவான். வண்டி வேகம் குறையும்போது கூடவே ஓடி, கம்பி இடுக்கில் கையை விட்டு, காலியாகிற சீட்டின் மேல் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டால் முடிந்தது. வெறும் கர்ச்சீப் காற்றில் பறந்து யார் மடியிலாவது போய் விழும். ஒரு மூலையில் முடிச்சுப் போட்டால் கனம் வரும். நினைத்த இடத்தில் போய் உட்காரும். இந்த முடிச்சு என் சொந்தக் கண்டுபிடிப்பு. உலகம் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

கர்ச்சீப் விழுந்துவிட்டால் அது சட்டம். எங்கள் பக்கம் அடுத்தவன் கையில் பட்டா இருக்கிற மனையிலேயே வேலி போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவர்கள்கூடக் கர்ச்சீப் கிடக்கிற சீட்டில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் ஊர் சும்மா விடாது. கர்ச்சீப் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி, அவ்வளவுதான்.

எங்கள் கூட்டணி மூன்று பேர். நான் ஒருவன். இன்னொருவர் பாய். பாரிமுனையில் ரெக்ஸின் பை கடை வைத்திருந்தவர். அவர் வந்து உட்கார்ந்தால் பெட்டிக்கே அத்தர் வாசனை வரும். மூன்றாமவரை மிராசு என்று கூப்பிடுவோம். முடிச்சூர்ப் பக்கம் அவர்கள் குடும்பத்து வயல்களெல்லாம் மனைகளாகிவிட, வீட்டில் சும்மா இருந்தால் மனைவி வேலை வைக்கிறார் என்று கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் ஓரத்தில் ஒண்டிக்கொள்வது ரயில் தர்மம். மிராசு உட்கார்ந்துவிட்டால் எங்கள் பெஞ்சில் நாலாவது ஆளுக்கு இடம் இருப்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. பெரும்பாலும் மூன்றாவது ஆளான நானே பாதி உடம்பைக் காற்றில் வைத்துக்கொண்டுதான் போவேன். வருடக்கணக்காகச் சேர்ந்து போனோம். ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாது. ரயில் சிநேகிதம் அப்படித்தான்.

ஒரு நாள் எங்கள் எதிர் பெஞ்சின் ஜன்னலோர சீட்டில் நீலக் கட்டம் போட்ட ஒரு கர்ச்சீப் கிடந்தது. மற்ற எல்லா இடமும் நிரம்பிவிட்டது. அதன் சொந்தக்காரர் வரவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தோம். வண்டி கிளம்பியது. வேறு கதவில் ஏறி நடந்து வந்துகொண்டிருப்பார் என்று நினைத்தோம். சானடோரியம் போனது. குரோம்பேட்டையில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. அதில் ஒரு ஆளும் அவர் மனைவியும் எங்கள் பக்கம் தள்ளப்பட்டு வந்தார்கள். ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். முகம் உப்பியிருந்தது, நிறம் மண்ணாக இருந்தது. வலது கையால் மட்டும் மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலி சீட்டுக்கு நேர் எதிரே நின்றார். சீட்டைப் பார்த்தார், கர்ச்சீப்பைப் பார்த்தார், வெளியே பார்த்தார்.

பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம். பெட்டியில் மூச்சு விட இடமில்லை. அந்த ஒரு சீட்டில் மட்டும் கர்ச்சீப் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஒரு பயல் தொடவில்லை. பழவந்தாங்கல் தாண்டியதும் அந்த ஆள் மெதுவாக, கம்பியைப் பிடித்தபடியே, சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருப்பா இந்தக் கர்ச்சீப்பு? யாருது?" என்று பாய் எழுந்து கத்தினார்.

பாய் அதைத் தூக்கிக் காட்டினார். எதிர் பெஞ்சில் இருந்தவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் நாங்கள் போட்டது என்று நினைத்திருக்கிறார். நாங்கள் அவர் போட்டது என்று நினைத்திருக்கிறோம். உண்மையில் தாம்பரத்தில் இறங்கிப்போன யாரோ முகம் துடைத்துவிட்டு மறந்துவிட்டுப் போனது அது. ஆளே இல்லாத ஒரு கர்ச்சீப்புக்கு ஒரு பெட்டி ஜனம் மரியாதை கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய கூத்து அடுத்து நடந்தது. நாங்கள் அந்த ஆளைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தால், அவர் பதறிக்கொண்டு எழப் பார்க்கிறார்.

"வேணா சார்... வுட்ருங்க. ஆளு வந்துடுவாரு."

"ஆளே இல்லைய்யா! குந்துய்யா!" என்றார் மிராசு.

உட்கார்ந்தார். ஆனால் நுனியிலேயே உட்கார்ந்து, யாராவது கடந்து போனால் எழுந்துவிடத் தயாராக இருந்தார். கொஞ்ச நேரத்தில் அப்படியே கண்ணை மூடித் தூங்கிவிட்டார். அவர் தூங்கின பிறகுதான் அவர் மனைவி பாயிடம் பேச ஆரம்பித்தார். பாயிடம் எல்லோரும் பேசுவார்கள். கடைக்காரர் முகம்.

"கிட்னி ரெண்டும் போயிடுச்சு பாய். வாரத்துல மூணு நாளு பார்க் ஸ்டேஷன்கிட்ட பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும். இடது கையிலதான் ஊசி ஏத்தறாங்க, அந்தக் கையால எதையும் புடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. இவரு அக்கா ஒரு கிட்னி குடுக்குறேன்னு சொல்லிக்கீது. டெஸ்ட்டுல்லாம் நடந்துகினு கீது. ஆபரேஷன் வரைக்கும் ஒரு வாட்டிகூட தவறக் கூடாதுன்றாரு டாக்டர். இவரு இன்னான்னா, போன வாரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டு, கூட்டத்தப் பாத்துட்டுத் திரும்பிட்டாரு. நின்னுகினு போய்ச் சாவறதுக்கு வூட்டுலயே சாவறேன்றாரு."

"ஊனமுற்றோர் பெட்டியில ஏறலாமேம்மா" என்றேன் நான். யோசனை சொல்வதில் நான் எப்போதும் முந்திக்கொள்வேன்.

"சொன்னேன் சார். எனக்குக் கை காலு நல்லாத்தான் கீது, நான் ஏன் அதுல ஏறணும்ன்றாரு. யார்கிட்டயும் சீட்டு கேக்கவும் மாட்டாரு. கேட்டா இன்னா வியாதின்னு கேப்பாங்களாம். வியாதியச் சொல்லி சீட்டு வாங்கறதுக்கு நின்னுகினே போலாமாம்."

சொல்லிவிட்டு அந்த அம்மா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். கணவர் முன்பு குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டராம். கேட்பதற்கு முன் ஆயிரம் யோசிக்கிற ஆள், திட்டுவதற்கு மட்டும் யோசிக்க மாட்டார் என்றும் சொன்னார்.

அடுத்த முறை அவர் ஏறியபோது நான் எழுந்தேன். சும்மா எழவில்லை. கல்யாண வீட்டில் சம்பந்தியை வரவேற்கிற மாதிரி கையை நீட்டி, "வாங்க, உட்காருங்க, நான் நின்னுக்கறேன்" என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபிட்டருக்கு முகம் இறுகிவிட்டது.

"நீ குந்து சார். நான் இன்னா கெயவனா?"

"பரவாயில்லைங்க."

"உனக்குப் பரவால்ல. எனக்குப் பரவா கீது."

நானும் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை. எங்கள் இருவரின் பண்பாட்டுக்கும் நடுவில் அந்த சீட் காலியாகக் கிடந்தது. பல்லாவரத்தில் ஏறிய ஒருத்தர், "என்ன சார், யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். நானும் ஃபிட்டரும் பார்க் வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே போனோம். என் கருணையால் அன்று பலன் அடைந்தவர் அந்தப் பேப்பர்காரர் ஒருத்தர்தான்.

அவர்கள் இறங்கின பிறகு மிராசு என்னைத் திட்டினார். "யோவ், சீட்டு குடுக்குற லட்சணமாய்யா இது? கச்சேரி வெச்சிட்டியே. அவன் இனிமே இந்தப் பொட்டிக்கே வர மாட்டான்."

பாய் பையைத் திறந்தார். உள்ளிருந்து அந்த நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பை எடுத்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தது. சொந்தக்காரர் வந்தால் கொடுப்பதற்காக அவர் வீட்டம்மா தயார் செய்து கொடுத்திருக்கிறார்.

"இது கொடுத்தா அவரு வாங்கிக்குவாரு" என்றார் பாய். "அன்னிக்கு வாங்கிக்கிட்டாருல்ல? யாருதுன்னு தெரியாததால வாங்கிக்கிட்டாரு. கொடுக்குறவன் மூஞ்சி தெரிஞ்சாத்தானே கஷ்டம்."

அதற்குப் பிறகு அவர் வருகிற நாட்களில் நான் நாலு கர்ச்சீப் போட்டேன். மூன்று எங்களுக்கு, நீலக் கட்டம் எதிர் பெஞ்சின் ஜன்னலோரத்துக்கு. குரோம்பேட்டையில் ஃபிட்டர் ஏறியதும் நாங்கள் யாரும் அவரைப் பார்க்க மாட்டோம். பாய் ஜன்னல் வழியாக, குரோம்பேட்டைக்குப் பேர் கொடுத்த தோல் பதனிடுகிற தொழிற்சாலை எங்கே இருந்தது என்று தேடுவார். மிராசு தூங்குகிற மாதிரி குறட்டை விடுவார். தூங்குகிற எவனும் அப்படிக் குறட்டை விட மாட்டான். வசனம் என்னுடையது. கொட்டாவி விட்டுக்கொண்டே, "யாரோ போட்டுட்டு இறங்கிட்டாங்க போலிருக்கு. யாருதுன்னு தெரியல. உட்காருங்க" என்பேன். முதல் நாள் கொட்டாவியை அளவுக்கு மீறி விட்டதில் தாடை பிடித்துக்கொண்டது.

ஃபிட்டர் கர்ச்சீப்பை எடுத்து, உதறி, மடித்து, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நுனியில் இல்லை. சாய்ந்து, காலை நீட்டி. அந்த அம்மா என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திட்டம் போட்டது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபிட்டர் உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆஸ்பத்திரியில் தரும் உப்பில்லாத சாப்பாட்டை, ஜி.எஸ்.டி. ரோட்டுக் குழிகளை, என் மூக்குக்கண்ணாடியை எல்லாம் திட்டிக்கொண்டே வருவார். ஒரு நாளும் தவறவில்லை. மழை கொட்டி குரோம்பேட்டை சுரங்கப்பாதை குளமான நாளில்கூட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஏறினார்.

ஒரு தடவை தாம்பரத்திலேயே சிக்கல் வந்தது. பொறியியல் கல்லூரிப் பையன் ஒருத்தன், காதில் பாட்டு மாட்டியிருந்தான், நீலக் கட்டத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"தம்பி, கர்ச்சீப் இருக்கு" என்றேன்.

"யாருது அங்கிள்? சொல்லுங்க, எழுந்துக்கறேன்."

நியாயமான கேள்வி. என்னுடையது என்றால், உங்கள் கர்ச்சீப்தான் உங்களுக்குக் கீழேயே இருக்கிறதே என்பான். யாருடையதும் இல்லை என்றால் சட்டமே போய்விடும். அப்போது, நாலாவது ஆளுக்கு ஒரு விரற்கடை நகராத மிராசு கண்ணைத் திறந்தார்.

"வர்றவருது" என்றார்.

"எங்க வர்றாரு?"

"குரோம்பேட்டையில. அதுவரைக்கும் குந்திக்க. ஆனா அவருகிட்ட நாங்க போட்டதுன்னு சொல்லிடாத. ரோஷக்காரன்."

பையன் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். குரோம்பேட்டையில் ஃபிட்டர் ஏறினார். அந்த முகத்தையும், கட்டுப் போட்ட கையையும் பையன் பார்த்தான். கர்ச்சீப்பைத் திரும்ப சீட்டில் விரித்துவிட்டு, கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் கொட்டாவியை ஆரம்பித்தேன். அந்தப் பையனைப் போல இயல்பாக எனக்கு நடிக்கவே வரவில்லை.

மறு வாரமே அவன் தன் பக்கத்து பெஞ்சில் உபரியாக ஒரு கர்ச்சீப் போட்டான். யாருக்கு என்று கேட்டேன். "வர்றவருக்கு அங்கிள்" என்றான். அன்று வந்தவர் கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு ஆசிரியர். ஃபிட்டர் வராத கிழமைகளில் எங்கள் நீலக் கட்டமும் வேலை செய்தது: நிறைமாதக்காரி ஒருத்தி, ராத்திரி ஷிப்ட் முடித்துக் கண் சொருகும் வாட்ச்மேன், அழுதுகொண்டே ஏறிய ஒரு பெரியவர். என்ன, ஏது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதன் மகிமை. கொஞ்ச காலத்தில் மற்ற பெட்டிகளிலும் அங்கங்கே ஒன்று கிடக்க ஆரம்பித்தது. லேடீஸ் பெட்டியில் பூப்போட்ட கர்ச்சீப் போடுகிறார்கள் என்று பாய் வீட்டம்மா தகவல் கொண்டுவந்தார். சீட்டுக்காகச் சட்டைக் காலரைப் பிடித்த ஜனம்தான் இதெல்லாம். நானே இரண்டு பேர் காலரைப் பிடித்திருக்கிறேன். அதில் ஒருவர் என்னைவிட உயரம் என்பதால் பாதியில் விட்டுவிட்டேன். ஊரில் தேனும் பாலும் ஓடியது என்று சொல்ல மாட்டேன். கதவில் அதே நெரிசல், அதே வசவு. ஆனால் ஒரு பெட்டியில் ஒரு சீட், யாருக்கு என்று தெரியாத ஒருத்தருக்காகக் காத்துக்கொண்டு வரும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள், பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எனக்கு அது ஆச்சரியமாகவே இருந்தது.

பிறகு ஒரு நாள் ஃபிட்டர் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.

ஆபரேஷனாக இருக்கும் என்றேன் நான். விசாரிக்கலாம் என்றால் பேர் தெரியாது, வீடு தெரியாது, போன் நம்பர் தெரியாது. குரோம்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயும் நானும் போய் நாலைந்து பட்டறைகளில், "கிட்னி போன ஃபிட்டர், நிறையத் திட்டுவார்" என்று அடையாளம் சொல்லிக் கேட்டோம். எல்லாப் பட்டறையிலும் நிறையத் திட்டுகிற ஃபிட்டர் ஒருத்தர் இருந்தார். கிட்னி எல்லோருக்கும் நன்றாக இருந்தது.

நீலக் கட்டத்தை மட்டும் விடாமல் போட்டு வந்தேன். குரோம்பேட்டை வந்ததும் மிராசு குறட்டையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்ப்பார். வேறு யாராவது வந்து உட்காருவார்கள். மிராசு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

வருடம் ஒன்று போயிருக்கும். வீட்டில் தண்ணீர்க் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கும்போது, "இரண்டு பேராகத் தூக்கலாம்" என்று மனைவி சொன்னார். நான் வீரத்தைக் காட்டினேன். இடுப்பில் ஏதோ ஒன்று 'டக்' என்றது. கேன் ஸ்டாண்டில் இருந்தது, நான் தரையில் இருந்தேன். சில வாரங்கள் படுக்கை, அதன் பிறகு இடுப்பைச் சுற்றிக் கட்டிப்போட்ட மாதிரி ஒரு பெல்ட். அந்தக் கோலத்தில் நான் தாம்பரம் பிளாட்பாரத்துக்குத் திரும்பினேன்.

வண்டி வந்தது. என்னைச் சுற்றி ஜனம் ஓடியது. நான் ஓடவில்லை, ஓட முடியவில்லை. கர்ச்சீப் வித்தகன், ஆஞ்சநேயர் கோயில் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அப்போது எங்கள் வழக்கமான ஜன்னல் பக்கம் யாரோ ஒருத்தர் ஓடினார். ஓட்டமும் சரியில்லை, கையும் சரியில்லை. போட்ட கர்ச்சீப் கம்பியில் பட்டுத் திரும்பிவந்து, பின்னால் ஓடிவந்தவர் முகத்தில் விழுந்தது. அவர் திட்டினார். போட்டவர் இரண்டு மடங்காகத் திரும்பத் திட்டினார்.

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. பாய் என் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே கொண்டுபோனார். எதிர் பெஞ்சின் ஜன்னலோரத்தில் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப். பக்கத்தில், கன்னத்தில் சதை போட்டு, நிறம் திரும்பி, மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு ஃபிட்டர் நின்றிருந்தார். பாய் சிரித்தார். "கேட்டு வாங்கிட்டாரு என்கிட்ட. அவருதான் போடுவாராம்."

"அக்கா..?" என்றேன்.

"நல்லா கீது. அது கிட்னிய வெச்சிக்கினு அதையே எதுத்துப் பேசறன்னு தினம் சண்டை." துணியைக் கொஞ்சம் இறக்கினார். "டாக்டர் இப்பதான் கூட்டத்துல போலாம்னாரு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு குரோம்பேட்டையிலருந்து எதிர் வண்டி ஏறி வந்தேன். பாத்தா நீ இப்படி கீற." என் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு வாயை அகலமாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். "யாரோ போட்டுட்டு இறங்கிட்டாங்க போலகீது. யாருதுன்னு தெரியல. குந்து சார்."

மிராசு சிரிப்பை அடக்க முடியாமல் குறட்டை விட ஆரம்பித்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஆளில்லாத கர்ச்சீப்பு வாரத்துல மூணு நாளும் இஸ்திரி போட்டு, அத்தர் வாசனையோட வருமா சார்? நீ வேற டிராமாவுல எலிக்குக் கொட்டாவி வந்த மாதிரி நடிச்சிகினு. எம் பொண்டாட்டி, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, அப்புறம் அவங்க மனசு கஷ்டப்படும்னா. சரி, பாவம்னு வுட்டுட்டேன்."

இத்தனை காலமும் நாங்கள் அவருக்காக நடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களுக்காக நடித்திருக்கிறார்.

பெட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் பெல்ட்டையே பார்ப்பது போல இருந்தது. "பரவாயில்லைங்க, நான் நின்னுக்கறேன், இது சும்மா ஒரு பிடிப்புதான்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"தோ பார் சார். இன்னா வியாதின்னு நான் கேட்டனா?"

கேட்கவில்லை. உட்கார்ந்தேன். நுனியில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்து, பிறகு காலை நீட்டி. ஜன்னலோரத்தில் காற்று நன்றாகவே வந்தது. இத்தனை வருடம் எதிர் பெஞ்சில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது.

வண்டி கிளம்பியது. முதல் தடவை போட்டது ஏன் திரும்பி வந்தது என்று அவரிடம் சொன்னேன்: முடிச்சு இல்லை, அதனால் கனம் இல்லை. கர்ச்சீப்பை எடுத்து மூலையில் எப்படி முடிய வேண்டும் என்று காட்டினேன். சானடோரியம் தாண்டுவதற்குள், "இது ஒரு பெரிய இன்ஜினியரிங்காக்கும்" என்று திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டுவிட்டார். குரோம்பேட்டையில் இறங்கிக்கொண்டார். தாம்பரம் வரை வந்ததே எங்களைப் பார்க்கத்தான். அதற்கு மேல் போக அவருக்கு வேலை எதுவும் இல்லை.

வண்டி நகரும்போதுதான் கவனித்தேன், கர்ச்சீப்பை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார். முடிச்சோடு.